ரிவர்ஸ் ஃபார்வேர்டு ஸ்டார்ட்டர் இணைப்பும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டாரை இரு பக்கமும் சுழல வைப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு வயரை இடம் மாற்றினால் வேலை முடிந்தது. ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கம் போகும் அந்தக் கண நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் நல்ல இணைப்புக்கும் கெட்ட இணைப்புக்கும் வேறுபாடு தெரியும். லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையிலும் ஹாயிஸ்ட் (சுமை தூக்கி) ஓடும் கொட்டகையிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குக் கீழே பதில் இருக்கிறது. கணக்குச் சொல்ல 5 எச்பி, 415 வோல்ட் மும்முனை மோட்டாரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இலங்கையில் 400 வோல்ட் என்றாலும் முறை இதேதான்.

மெயினை அணைத்து, பூட்டி, மூன்று பேஸிலும் (மின்சாரம் வரும் மூன்று வயரிலும்) மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். இதை ஒவ்வொரு பதிலிலும் திருப்பிச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் அல்லாதவர்கள் இதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். பேனலைத் திறக்கும் வேலையை அவரிடம் விட்டுவிடுங்கள்.

மும்முனை மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற எதை மாற்ற வேண்டும்?

மூன்று பேஸ் வயர்களில் ஏதாவது இரண்டை. மோட்டாரின் நிலையான பாகமான ஸ்டேட்டருக்குள் சுழலும் காந்தப்புலம், ஆர், ஒய், பி என்ற மூன்று பேஸ்களின் வரிசையில் நகர்கிறது. இரண்டை மாற்றினால் வரிசை தலைகீழாகிறது, காந்தப்புலம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, சுழலும் பாகமான ரோட்டர் அதன் பின்னால் போகிறது. எந்த இரண்டு என்பது மோட்டாருக்கு முக்கியமில்லை. பழக்கத்தில் ஆர், பி இரண்டையும் மாற்றி, நடுவில் இருக்கும் ஒய்யை அப்படியே விடுவார்கள். பின்னால் பழுது பார்க்க வருபவருக்கு இது வசதி.

பவர் இணைப்பு எப்படிப் போக வேண்டும்?

இரண்டு கான்டாக்டர்கள், ஒரே ஓவர்லோடு ரிலே. கான்டாக்டர் என்பது காயிலுக்கு மின்சாரம் கிடைத்தால் ஆர்மேச்சரை இழுத்து முனைகளை மூடும் காந்தச் சுவிட்ச். அதிகக் கரண்ட் நீடித்தால் அதை விழச் செய்வது, அதாவது திறக்கச் செய்வது, ஓவர்லோடு ரிலே. மெயினிலிருந்து பியூஸ் வழியாக வரும் ஆர், ஒய், பி மூன்றும் ஃபார்வேர்டு கான்டாக்டரின் 1, 3, 5 முனைகளுக்குப் போகின்றன. அங்கிருந்து அதே வரிசையில் ரிவர்ஸ் கான்டாக்டரின் 1, 3, 5 முனைகளுக்குத் தாவுவயர். கீழே 2, 4, 6 முனைகளில்தான் மாற்றம்: ஃபார்வேர்டின் 2 ரிவர்ஸின் 6க்கும், 4 நேராக 4க்கும், 6 ரிவர்ஸின் 2க்கும் போகின்றன. ஃபார்வேர்டு கான்டாக்டரின் கீழ்முனைகளிலிருந்து ஓவர்லோடு ரிலே, அதிலிருந்து மோட்டாரின் யு, வி, டபிள்யூ முனைகள்.

மாற்றத்தை மேலே செய்தாலும் சரி, கீழே செய்தாலும் சரி. ஒரு பக்கம் மட்டும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இரண்டு கான்டாக்டர்களுக்கு இடையே போகும் தாவுவயரும் மோட்டாரின் முழுக் கரண்டைத் தாங்க வேண்டும். மெயினில் கனமான கேபிள் போட்டுவிட்டு, தாவுவயருக்குக் கன்ட்ரோல் வயர் துண்டைப் போட்டிருப்பதைப் பழைய பேனல்களில் காணலாம். இன்சுலேஷன் பழுப்பேறி நொறுங்கியிருப்பதே அதற்கு அடையாளம்.

எல்லாம் மாற்றியாயிற்று, ஆனாலும் இரண்டு பட்டனுக்கும் ஒரே பக்கம்தான் சுற்றுகிறது. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். மேலேயும் மாற்றி, கீழேயும் மாற்றியிருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். மோட்டாருக்குப் பழைய வரிசையே போகும். அல்லது இரண்டை மாற்றுவதற்குப் பதில் மூன்றையுமே ஒரு இடம் நகர்த்தியிருப்பீர்கள்: ஆர் இருந்த இடத்தில் ஒய், ஒய் இருந்த இடத்தில் பி, பி இருந்த இடத்தில் ஆர். பார்வைக்கு எல்லா வயரும் இடம் மாறியிருக்கும், வரிசை மட்டும் மாறியிருக்காது. இந்த இரண்டாவது வகை ஆபத்தானதும்கூட. திசை மாறாததால் இணைப்பு தீங்கற்றது என்று தோன்றும். ஆனால் இரண்டு கான்டாக்டரும் சேர்ந்து மூடினால் மூன்று பேஸும் ஒன்றோடு ஒன்று மோதும்.

இரண்டு கான்டாக்டரும் ஒரே நேரத்தில் மூடினால் உண்மையில் என்ன ஆகும்?

ஆர் பேஸ் ஃபார்வேர்டு கான்டாக்டர் வழியாக யு முனைக்கு வருகிறது. அதே முனைக்கு ரிவர்ஸ் கான்டாக்டர் வழியாக பி பேஸும் வருகிறது. நடுவில் மோட்டார் வைண்டிங் இல்லை, எந்த மின்தடையும் இல்லை. இரண்டு பேஸ்கள் நேருக்கு நேர் ஷார்ட். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் இருந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். பியூஸ் சரியானதாக இருந்தால் அது போகும், கான்டாக்ட் முனைகள் ஒட்டிக்கொள்ளும். பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் பேனல் கதவு திறந்து தீப்பிழம்பு வெளியே வரும். ஒன்று மூடியிருக்கும்போது மற்றதை மூட விடாத இன்டர்லாக் என்ற ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு நிகழ்வைத் தடுப்பதற்காகவே இருக்கிறது.

கன்ட்ரோல் இணைப்பைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

240 வோல்ட் காயில் என்று வைத்துக்கொள்வோம். பேஸிலிருந்து சிறிய கன்ட்ரோல் பியூஸ். அங்கிருந்து ஓவர்லோடு ரிலேயின் 95, 96 (டிரிப் ஆனால் திறக்கும் கான்டாக்ட்). பிறகு சிவப்பு ஸ்டாப் பட்டனின் என்சி (சாதாரணமாக மூடியிருக்கும் கான்டாக்ட்). இந்த இடம் வரை இரு திசைக்கும் பொதுவான பாதை. இனி இரண்டாகப் பிரிகிறது.

ஃபார்வேர்டு பாதை: ஃபார்வேர்டு பட்டனின் என்ஓ (சாதாரணமாகத் திறந்திருக்கும் கான்டாக்ட்), அதற்கு இணையாக ஃபார்வேர்டு கான்டாக்டரின் 13, 14. பட்டனை விட்ட பிறகும் கான்டாக்டர் நிற்பது இந்த இணை கான்டாக்டால்தான். அடுத்து ரிவர்ஸ் கான்டாக்டரின் என்சி, அதாவது 21, 22. அதன்பின் ஃபார்வேர்டு காயிலின் ஏ1. ஏ2 நேராக நியூட்ரலுக்கு. ரிவர்ஸ் பாதையும் இதேதான், பெயர்கள் மட்டும் மாறும். அங்கே ஃபார்வேர்டு கான்டாக்டரின் என்சி நடுவில் வரும். இப்படி ஒன்று மூடியிருக்கும்வரை மற்றதன் காயிலுக்கு மின்சாரம் போகும் வழியே அறுந்திருக்கும்.

இதோடு பட்டன்களிலும் ஒரு என்சியைச் சேர்க்கலாம். ரிவர்ஸ் பட்டனின் என்சி ஃபார்வேர்டு பாதையிலும், ஃபார்வேர்டு பட்டனின் என்சி ரிவர்ஸ் பாதையிலும் வரும். அப்போது ஸ்டாப்பை அழுத்தாமலே நேரடியாகத் திசையை மாற்ற முடியும். வசதிதான், ஆனால் ஸ்டாப்பை அழுத்தி, மோட்டார் நிற்பதைப் பார்த்து, பிறகு எதிர்ப்பட்டனை அழுத்தும் பழக்கத்தையே பெரும்பாலான இயந்திரங்களுக்கு நான் பரிந்துரைப்பேன். பட்டன் இன்டர்லாக்கைச் சேர்க்காமல் விட்டால் இயந்திரமே அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடும்.

கான்டாக்டர்களுக்கு நடுவே மெக்கானிக்கல் இன்டர்லாக் மாட்டியிருக்கிறது. பிறகு என்சி இணைப்பு எதற்கு?

காயிலைக் காப்பாற்ற. மெக்கானிக்கல் இன்டர்லாக் என்பது ஒன்று உள்ளே போனால் மற்றது உள்ளே போக முடியாதபடி தடுக்கும் ஒரு நெம்பு. அது ஆர்மேச்சரைத் தடுக்குமே தவிர காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் தடுக்காது. ஏசி காயில் இழுக்கும் கரண்ட், ஆர்மேச்சர் மூடுவதற்கு முன் பல மடங்கு அதிகம். மூடியதும் காந்தப்பாதை நிறைவடைந்து கரண்ட் இறங்கிவிடும். நெம்பு தடுத்து நிற்கும்போது ஆர்மேச்சர் மூடவே மூடாது. காயில் முழு இழுப்புக் கரண்டிலேயே உறுமிக்கொண்டு நின்று, சிறிது நேரத்தில் வெந்துவிடும். மாதம் ஒரு காயில் மாற்றும் பேனல் இருந்தால் முதலில் 21, 22 இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் என்சி இணைப்பு மட்டும் போதாதா?

போதாது. கான்டாக்டரைக் கையாலோ ஸ்குரூடிரைவராலோ அழுத்திச் சோதிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அப்போது மின் இன்டர்லாக் எதையும் தடுக்காது, நெம்புதான் தடுக்கும். அதிர்வில் ஆர்மேச்சர் நகர்ந்தாலும் அப்படியே.

இன்னொரு நிலைமை மெயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்வது. காயிலுக்கு வரும் மின்சாரம் நின்றுவிட்டது, ஆனால் ஒரு முனை மட்டும் உருகி ஒட்டி நிற்கிறது. அந்த நிலையில் என்சி மூடக் கூடாது. இப்படி உத்தரவாதம் தரும் என்சிக்கு மிரர் கான்டாக்ட் என்று பெயர். ஐஇசி 60947-4-1 என்ற சர்வதேசத் தரநிலையில் அதற்குத் தனி விதி இருக்கிறது. கான்டாக்டரின் கேட்டலாக்கில் இந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் செருகும் விலை மலிவான துணைக் கான்டாக்ட் எல்லாவற்றுக்கும் இந்தத் தகுதி கிடையாது.

பிஎல்சி (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) புரோகிராமிலேயே இன்டர்லாக் எழுதியிருக்கிறோம். வயரில் வேண்டுமா?

வேண்டும். புரோகிராம் தன் அவுட்புட்டை அணைத்ததை மட்டுமே அறியும், கான்டாக்டர் திறந்ததை அறியாது. பிஎல்சி சில மில்லி செகண்டுகளில் ஒன்றை அணைத்து மற்றதைப் போட்டுவிடும். கான்டாக்டர் விழுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். ஒட்டிக்கொண்ட கான்டாக்டைப் பற்றிப் புரோகிராமுக்கு ஒன்றுமே தெரியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பட்டனை அழுத்தினால் மோட்டார் தாங்குமா?

சில மோட்டார்கள் தாங்கும், பல தாங்காது. அழுத்துபவருக்குத் தெரிய வேண்டியது, உள்ளே என்ன நடக்கிறது என்பது.

நின்றிருக்கும் மோட்டாரை நேரடியாக ஓட விட்டால் முழுச்சுமைக் கரண்டைப் போல ஆறு ஏழு மடங்கு இழுக்கும். 5 எச்பிக்கு முழுச்சுமை ஏறத்தாழ 7.5 ஆம்பியர் என்றால் தொடக்கத்தில் 45 முதல் 50 ஆம்பியர். ஓடும் மோட்டாருக்கு எதிர்வரிசையைக் கொடுத்தால் ரோட்டர் ஒரு பக்கமும் காந்தப்புலம் மறுபக்கமும் ஏறக்குறைய முழு வேகத்தில் போகின்றன. கரண்ட் தொடக்கக் கரண்டையும் சற்று மீறும். இதில் வெப்பக் கணக்கைப் பாருங்கள். சுமையில்லாமல் நிலையிலிருந்து முழு வேகத்துக்குப் போகும்போது ரோட்டரில் உண்டாகும் வெப்பம், சுழலும் பாகங்கள் கடைசியில் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமம். முழு வேகத்திலிருந்து எதிர்வரிசையால் நிறுத்தும்போது அதன் மூன்று மடங்கு. நிறுத்தி, அப்படியே எதிர்ப்பக்கம் முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் மொத்தம் நான்கு மடங்கு. ஒரு திருப்பம் நான்கு ஸ்டார்ட்டுக்குச் சமம் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை திருப்பம் என்ற கேள்வியின் கனம் தெரியும்.

கான்டாக்டருக்கும் இது வேறு வேலை. கான்டாக்டரின் பயன்பாட்டு வகைகளில் ஏசி-3 என்பது மோட்டாரை ஓடவிட்டு, வேகம் எடுத்த பிறகு அணைக்கும் பயன்பாடு. அணைக்கும்போது முழுச்சுமைக் கரண்ட்தான். ஏசி-4 என்பது தட்டித் தட்டி ஓட்டுவதும், ஓடும்போது திருப்புவதும்; அணைக்கும்போதே ஆறு மடங்குக் கரண்டை அறுக்க வேண்டும். ஏசி-3இல் சரியாக இருக்கும் கான்டாக்டரை ஏசி-4 வேலைக்குப் போட்டால் முனைகள் விரைவில் தேய்ந்துபோகும். கேட்டலாக்கில் ஏசி-4க்குக் கொடுத்திருக்கும் அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு படி பெரிய கான்டாக்டர் தேவைப்படும்.

நேரடியாகத் திருப்பியே ஆக வேண்டும் என்றால் நடுவில் கால் செகண்ட் முதல் அரை செகண்ட் வரை இடைவெளி தரும் டைமரைச் சேருங்கள். திறக்கும் கான்டாக்டில் எழும் நெருப்பு உடனே அணைவதில்லை. கரண்ட் பூஜ்யத்தைக் கடக்கும்போதுதான் அணையும். அது அணைவதற்குள் மற்றது மூடினால் இன்டர்லாக் எல்லாம் சரியாக இருந்தும் ஷார்ட் ஆகும். அணைத்த மோட்டாரின் வைண்டிங்கிலும் சிறிது நேரம் வோல்டேஜ் மிஞ்சியிருக்கிறது. புதிய பேஸ் அதற்கு எதிராகச் சேர்ந்தால் கரண்ட் இன்னும் எகிறும். அந்த அரை செகண்டில் இரண்டும் அடங்கிவிடும்.

ஓவர்லோடு ரிலே ஒன்று போதுமா? எவ்வளவில் வைப்பது?

ஒன்று போதும், இரண்டு கான்டாக்டருக்கும் பொதுவான பாதையில் இருந்தால். அளவு மோட்டாரின் நேம்பிளேட்டில் இருக்கும் ஆம்பியர். நேம்பிளேட் அழிந்துபோயிருந்தால் 415 வோல்ட்டில் எச்பிக்கு ஏறத்தாழ 1.4 ஆம்பியர் என்ற கணக்கில் தொடங்கி, ஓடும்போது கிளாம்ப் மீட்டரால் அளந்து சரிபாருங்கள்.

ரிலேயில் வகுப்பு என்று ஒன்று எழுதியிருக்கும். அமைத்த அளவின் 7.2 மடங்கு கரண்டில், வகுப்பு 10 ரிலே 4 முதல் 10 செகண்டுக்குள் டிரிப் ஆகும். வகுப்பு 20 என்றால் 6 முதல் 20 செகண்ட். கனமான சக்கரம் உள்ள இயந்திரம் வேகம் எடுக்க நேரமாகும் என்றால் வகுப்பு 20. சாதாரண ஹாயிஸ்டுக்கும் லேத்துக்கும் 10.

ரீசெட்டைக் கையால் செய்யும் நிலையிலேயே வையுங்கள். தானாக ரீசெட் ஆகும் நிலையில், பட்டன் ஸ்டார்ட்டர் தானாக ஓடாது என்பது உண்மை. ஆனால் லிமிட் சுவிட்சால் (எல்லையை எட்டியதும் இயங்கும் சுவிட்ச்) தானே போய்த் தானே திரும்பும் இயந்திரம், ரிலே ஆறியதும் ஆள் கை வைத்திருக்கும்போது கிளம்பிவிடும்.

ஓவர்லோடு அடிக்கடி டிரிப் ஆகிறது. டயலைக் கொஞ்சம் கூட்டி வைக்கலாமா?

கூடாது. முதலில் எதனால் டிரிப் ஆகிறது என்று பாருங்கள்: பேரிங், பெல்ட் இறுக்கம், வோல்டேஜ் குறைவு, ஒரு பேஸில் தளர்ந்த முனை. எல்லாம் சரியாக இருந்து, அடிக்கடித் திருப்புவதால்தான் டிரிப் ஆகிறது என்றால் அது ரிலேயின் எல்லை. ரிலேக்குள் இருக்கும் பைமெட்டல் பட்டை மோட்டாரின் வெப்பத்தை அளப்பதில்லை. கரண்டைப் பார்த்து ஊகிக்கிறது. பட்டை சிறியது, சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும். மோட்டார் அப்படி இல்லை. அதனால் சில வேளை மோட்டார் நன்றாக இருக்கும்போதே டிரிப் ஆகும், சில வேளை வைண்டிங் வேகும்போதும் சும்மா இருக்கும். இதற்குச் சரியான தீர்வு வைண்டிங்குக்குள்ளேயே வைக்கும் பிடிசி தெர்மிஸ்டர். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் அதன் மின்தடை சட்டென்று ஏறும்; அதற்கான ரிலே காயிலை அறுக்கும். ரீவைண்டிங்குக்கு மோட்டாரைக் கொடுக்கும்போதே மூன்று வைண்டிங்கிலும் ஒவ்வொன்று வைக்கச் சொல்லலாம். செலவு அதிகமில்லை.

ஓவர்லோடு இருக்கும்போது பியூஸ் எதற்கு?

ஓவர்லோடு ரிலே ஷார்ட்டை அறுக்காது. அறுக்கும் சக்தியும் அதற்கு இல்லை. செகண்ட் கணக்கில் நடக்கும் சூட்டுக்கு ரிலே, மில்லி செகண்டில் நடக்கும் ஷார்ட்டுக்கு எச்ஆர்சி பியூஸ் (பெரிய ஷார்ட் கரண்டை அறுக்கும் பியூஸ்) அல்லது பிரேக்கர். எம்சிபி (சிறிய தானியங்கி பிரேக்கர்) போடுவதாக இருந்தால் சி வகை 5 முதல் 10 மடங்குக் கரண்டில் உடனே விழும், டி வகை 10 முதல் 20 மடங்கில். திருப்பும் மோட்டாருக்கு சி வகை காரணமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும்.

வாங்கும்போது டைப் 2 கோஆர்டினேஷன் அட்டவணையைக் கேளுங்கள். டைப் 1 என்றால் ஷார்ட்டுக்குப் பிறகு ஆபத்து இருக்காது, ஆனால் கான்டாக்டரும் ரிலேயும் பழுதாகலாம். டைப் 2 என்றால் லேசாக ஒட்டிய முனைகளைப் பிரித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். எந்த பியூஸோடு எந்தக் கான்டாக்டர் என்று தயாரிப்பாளர் சோதித்துப் போட்ட அட்டவணை அது. நாமாகக் கலந்து போட்டால் அந்த உறுதி இல்லை.

ஓடும்போது ஒரு பேஸ் போனால்?

ஸ்டார் இணைப்பு மோட்டாரில் அதே சுமைக்கு மீதி இரண்டு வயரிலும் கரண்ட் ஏறத்தாழ 1.73 மடங்காகும். மூன்று பேஸையும் ஒப்பிடும் ரிலே இருந்தால் விரைவில் அறுக்கும். திருப்பும் ஸ்டார்ட்டரில் கூடுதலாக ஒரு விபரீதம் உண்டு. இரண்டு பேஸில் சுழலும் காந்தப்புலம் இல்லை, அதற்குத் திசையும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு எதிர்ப்பட்டனை அழுத்தினாலும் அது போன பக்கமே போய்க்கொண்டிருக்கும். திருப்பினால் நின்றுவிடும் என்று நம்பியிருக்கும் இயக்குநருக்கு இது பேராபத்து.

ஹாயிஸ்டில் மேல் லிமிட் சுவிட்ச் இருந்தும் கொக்கி டிரம்மில் இடித்து ரோப் அறுந்தது. எப்படி?

பெரும்பாலும் பேஸ் வரிசை மாறியிருக்கும். மேல் லிமிட்டின் என்சி மேலே தூக்கும் கான்டாக்டரின் காயிலோடு மட்டுமே தொடராக இருக்கிறது. இடித்தவுடன் அதை அறுக்கும், கீழே இறக்கும் பாதையைத் தொடாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மேலே போன கொக்கியை இறக்க முடியாது.

இப்போது டிரான்ஸ்பார்மரிலோ மெயின் போர்டிலோ வேலை நடந்து இரண்டு வயர் இடம் மாறிவிட்டது என்று வையுங்கள். மேல் பட்டனை அழுத்தினால் கொக்கி இறங்குகிறது. இயக்குநர் சிரித்துக்கொண்டே கீழ்ப் பட்டனை அழுத்துகிறார், கொக்கி ஏறுகிறது. சரி, மாற்றி அழுத்திக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடர்கிறார். கொக்கி உச்சிக்கு வந்து லிமிட்டை இடிக்கிறது. லிமிட் தன் கடமையைச் செய்து மேல் கான்டாக்டரின் பாதையை அறுக்கிறது. ஆனால் மூடியிருப்பது கீழ்க் கான்டாக்டர். மோட்டார் நிற்பதே இல்லை.

பட்டன் மாறி வேலை செய்தால் அந்த நொடியே நிறுத்திவிட்டு, மெயினில் பேஸைச் சரிசெய்ய வேண்டும். பட்டன் வயரை மாற்றி ஒப்பேற்றக் கூடாது. அப்போதும் லிமிட் தவறான பக்கத்திலேயே இருக்கும். நிரந்தரத் தீர்வு பேஸ் வரிசை ரிலே. வரிசை தப்பினாலோ ஒரு பேஸ் போனாலோ கன்ட்ரோலையே எழ விடாது. அதோடு முதல் லிமிட்டைத் தாண்டி இன்னொரு கடைசி லிமிட்டை வைத்து, எந்தத் திசையாக இருந்தாலும் இரண்டு கான்டாக்டருக்கும் முன்னால் இருக்கும் மெயின் கான்டாக்டரை விழச் செய்யுங்கள். ஹாயிஸ்ட் பட்டன்களுக்கு 13, 14 இணைப்பும் வேண்டாம். கையை எடுத்தால் நிற்க வேண்டும்.

காயில் 415 வோல்ட்டா, 240ஆ, 110ஆ?

கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் வைத்து 110 வோல்ட் என்பது நல்லது. ஒரு முனையை எர்த் செய்து, எல்லா ஏ2 முனைகளையும் சுவிட்ச் எதுவும் இடையில் இல்லாமல் அந்தப் பக்கம் சேருங்கள். 240 வோல்ட் என்றால் ஏ2 நியூட்ரலில், பட்டன்கள் எல்லாம் பேஸ் பக்கம். பட்டனை நியூட்ரல் பக்கம் போட்டால் ஒரு வயர் பாடியில் தட்டினாலே மோட்டார் தானாகக் கிளம்பும்.

இரண்டு பேஸுக்கு நடுவே போடும் 415 வோல்ட் காயில் நியூட்ரல் இல்லாத இடத்தில் கைகொடுக்கும் என்பதால் பரவலாக இருக்கிறது. அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். தொங்கும் பட்டன் பெட்டியின் கேபிளில், ஸ்டாப்புக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள வயர் நைந்து பாடியில் தட்டுகிறது. அந்தப் பக்கத்து பியூஸ் போகிறது. ஆனால் காயிலின் மறுமுனையில் இன்னொரு பேஸ் அப்படியே இருக்கிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 240 வோல்ட், அதாவது 58 சதவீதம். கான்டாக்டர் புதிதாக மூட 85 சதவீதம் வேண்டும்; மூடியிருப்பது விழுவதோ 75க்கும் 20க்கும் நடுவே எங்கேயாவது. மூடிய கான்டாக்டர் அப்படியே பிடித்து நிற்கலாம். ஸ்டாப்பை எத்தனை முறை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

லேத்தில் கையால் திருப்பும் ரிவர்ஸ் ஃபார்வேர்டு சுவிட்ச் போதாதா?

திருப்புவதற்குப் போதும், காப்பதற்குப் போதாது. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது கைப்பிடி எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் லேத் ஓடத் தொடங்கும். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கில் சாவியை மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பி வரும் நேரமாகவும் அது இருக்கலாம். அந்தச் சுவிட்சுக்கு முன்னால் ஒரு சாதாரண டிஓஎல் (நேரடியாக ஓடவிடும்) ஸ்டார்ட்டரைப் போடுங்கள். மின்சாரம் போனால் அதன் காயில் விழுந்துவிடும், ஓவர்லோடும் அதிலேயே இருக்கிறது.

மரையில் திருகிப் பொருத்தும் சக் உள்ள பழைய லேத்தில் ஓட்டத்திலேயே திருப்பினால் சக் கழன்று வரும். அங்கே டைமரும் உதவாது; நின்ற பிறகே திருப்ப வேண்டும்.

சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு இதே இணைப்பு பொருந்துமா?

பொருந்தாது. பேஸையும் நியூட்ரலையும் மாற்றினால் எதுவும் மாறாது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரு முனைகளை மட்டும், ரன்னிங் வைண்டிங்கைத் தொடாமல், இடம் மாற்ற வேண்டும். வேகம் எடுத்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கை அறுக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச் உள்ள மோட்டாரில் ஓடும்போது மாற்றினாலும் பயனில்லை. அந்த வைண்டிங் அப்போது சுற்றிலேயே இல்லை. நன்றாக வேகம் குறைந்து, சுவிட்ச் மூடும் சத்தம் கேட்ட பிறகே எதிர்ப்பக்கம் கிளம்பும். ரோலிங் ஷட்டர் மோட்டாரில் இரண்டு வைண்டிங்கும் ஒரே மாதிரி, நடுவில் கப்பாசிட்டர். பேஸை எந்த வைண்டிங்குக்கு நேராகக் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்துத் திசை.

ஸ்டார் டெல்டா (ஸ்டார் இணைப்பில் கிளம்பி டெல்டாவுக்கு மாறும்) மோட்டாரைத் திருப்ப?

திருப்பும் இரண்டு கான்டாக்டரையும் ஸ்டார் டெல்டா பகுதிக்கு முன்னால், வரும் பேஸில் போடுங்கள். மோட்டாரிலிருந்து வரும் ஆறு வயர்களில் கை வைக்க வேண்டாம். ஓவர்லோடு வைண்டிங் பாதையில் இருந்தால் நேம்பிளேட் கரண்டின் 0.58 மடங்கில் வைக்க வேண்டும்.

தண்ணீர்ப் பம்புக்கு ரிவர்ஸ் ஸ்டார்ட்டர் போடலாமா?

வேண்டாம். சென்ட்ரிஃபியூகல் பம்பு எதிர்ப்பக்கம் சுற்றினாலும் அதே குழாயில்தான் தண்ணீர் தள்ளும், குறைவாக. பம்பின் சுழல் சக்கரமான இம்பெல்லர் மரையில் மாட்டியிருந்தால் கழன்றுவிடும். பம்புக்கு வேண்டியது பேஸ் வரிசை ரிலே.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் வைத்திருக்கிறோம். கான்டாக்டர் வேண்டுமா?

திசையை மாற்றுவதற்குக் கான்டாக்டர் வேண்டாம். டிரைவே உள்ளுக்குள் வரிசையை மாற்றி, வேகத்தைக் குறைத்துத் திருப்பும். அதற்கு வரும் பேஸை மாற்றிப் பார்த்துத் திசை மாறவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. டிரைவ் உள்ளே வருவதை டிசியாக்கிவிடுவதால் வரும் வரிசை அதற்குப் பொருட்டில்லை. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டரை வைத்து, ஓடும்போது திருப்பினால் டிரைவ் பழுதாகும்.

மோட்டார் பாடிக்கு ஒரு எர்த் போதுமா?

இந்தியாவில் மின்பாதுகாப்பு விதிகளின்படி நிலையாக வைத்த மோட்டாரின் சட்டத்துக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகள் வேண்டும். இரண்டையும் ஒரே போல்ட்டில் மாட்டினால் அது இரண்டு ஆகாது.

இணைத்து முடித்த பிறகு எந்த வரிசையில் சோதிப்பது?

மோட்டார் வயரைக் கழற்றி, மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை எடுங்கள். ஃபார்வேர்டு ஆர்மேச்சரைக் கையால் அழுத்தினால் ஆர் யுவுக்கும், ஒய் விக்கும், பி டபிள்யூவுக்கும் போக வேண்டும். ரிவர்ஸை அழுத்தினால் ஆர் டபிள்யூவுக்கும், ஒய் விக்கும், பி யுவுக்கும். ஒன்றை அழுத்திப் பிடித்தபடி மற்றதை அழுத்திப் பாருங்கள். நெம்பு விடக் கூடாது.

பிறகு பவர் பியூஸைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். ஃபார்வேர்டைப் போட்டுவிட்டு ரிவர்ஸை அழுத்துங்கள், இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள், ஓவர்லோடின் டெஸ்ட் பட்டனைத் தட்டுங்கள், ஒவ்வொரு லிமிட்டையும் கையால் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் எந்தக் கான்டாக்டர் விழுகிறது என்று கண்ணால் பாருங்கள், சத்தத்தை நம்ப வேண்டாம்.

அதன் பிறகு பியூஸைப் போட்டு, பெல்ட்டையோ கப்ளிங்கையோ கழற்றி, மோட்டாரை ஒரு தட்டு தட்டித் திசையைப் பாருங்கள். ஹாயிஸ்ட் என்றால் கொக்கியை நடு உயரத்தில் வைத்துச் சோதியுங்கள், சுமை இல்லாமல். திசை தவறாக இருந்தால் மோட்டார் முனைப்பெட்டியில் இரண்டு வயரை மாற்றுங்கள். கிளாம்ப் மீட்டரால் மூன்று பேஸ் கரண்டையும் இரு திசையிலும் அளந்து, தேதியோடு பேனல் கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஓவர்லோடு டிரிப் ஆகும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் கையில் இருக்காது.